அலங்காரமா, அத்தாட்சியா?

முதிய ஓவியர் ஒருவரைச் சந்தித்தால் அவருடைய கலைக்கொள்கை யாது என்று கேட்கிறோம். முதிய இசைவாணரைச் சந்தித்தால் அவருடைய குருமரபைப் பற்றிக் கேட்கிறோம். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் காட்டிலும் மேட்டிலும் அலைந்து விலங்கையும் பறவையையும் படம்பிடித்த ஒருவர், முதுமையில் தம் படப்பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாரானால், அவரிடம் நாம் கேட்கும் கேள்விகள் இரண்டே. "எத்தனை முறை உயிர் தப்பினீர்கள்?" என்பது ஒன்று. "இவற்றுள் மிகச் சிறந்த படம் எது?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி அவரைச் சர்க்கஸ் கூடாரத்து வீரராக்கிவிடுகிறது. இரண்டாம் கேள்வி அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதையும் சுவரில் மாட்டும் ஒற்றைச் சட்டத்துக்குள் அடக்கிவிடுகிறது. இவ்விரு கேள்விகளையும் நாம் மறுக்கிறோம். இவை கலைஞரைச் சிறுமைப்படுத்துபவை. அவர் எந்த நிலத்தைப் படம்பிடித்தாரோ அந்த நிலத்தை அதனினும் சிறுமைப்படுத்துபவை.

நாம் கூற வந்தது ஒன்றே. இயற்கைப் படக்கலைஞர் ஒருவரின் வாழ்நாள் பணி ஒரு நிலத்தின் சாட்சி ஏடு. இன்ன ஆண்டில், இன்ன பருவத்தில், இன்ன காட்டில், இன்ன உயிர் இவ்வாறு வாழ்ந்தது என்று சான்று பகரும் ஏடு அது. அவ்வேட்டில் பரிசு பெற்ற பக்கத்துக்கு உள்ள மதிப்பு, எவரும் புரட்டிப் பாராத பக்கத்துக்கும் உண்டு. பல வேளைகளில் மிகுதியாகவே உண்டு. இதனை உணராமல் இயற்கைப் படத்தை வெறும் அலங்காரப் பொருளாக நடத்தும் வழக்கம் இன்று நாடெங்கும் பரவிவிட்டது. நிலத்தை முதற்பொருள் என்று வைத்து இலக்கணம் வகுத்த மொழிக்கு உரிய சமுதாயமும் அந்த வழக்கத்தின் பின்னே செல்லுமானால், அது வருந்தத்தக்கது மட்டுமன்று; கண்டிக்கத்தக்கதும் ஆகும்.

ஒரு மனிதர், ஒரு வாழ்நாள்

வெறுங்கொள்கை பேசுவதினும் ஒரு மனிதரை முன்னிறுத்திப் பேசுவது நன்று. நாம் முன்னிறுத்த விரும்புபவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர். தந்தையாரோ, 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடிய அன்றே, அவ்விடத்திலேயே உயிர் நீத்தவர். மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். 1942இல் பெல்லாரியை அடுத்த சந்தூர் சமஸ்தானத்தில் பணியேற்று, பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின் சென்னை திரும்பினார். அதன்பின் எவரிடமும் கைகட்டி ஊழியம் செய்யவில்லை. எழுத்தும் படமுமே அவர் தொழிலாயின.

1950ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியைத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய கடைசிப் பத்தியும் அன்றே அச்சில் வெளிவந்தது. மயிலாப்பூரில் அமர்ந்து எழுதிய ஒரு தமிழரை, அரை நூற்றாண்டுக் காலம் வங்கத்து வாசகர்கள் தம் வீட்டு மனிதராக ஏற்றுக்கொண்டிருந்தனர். புறநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் பெருமையோடு நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது. நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவோம்?

அவர் கையாண்ட கருவியைப் பற்றியும் ஒரு சொல். விலையுயர்ந்த காமிராவை வாங்கி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியவர் அல்லர் அவர். பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தமக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்ட கனமான கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். வண்ணப்படம் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே விரும்பினார். முதுமலைக் காட்டில் நடந்தும் வளர்ப்பு யானையின் முதுகில் ஏறியும் திரிந்து, காட்டு யானைகளின் கூட்ட வாழ்வை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்.

இவ்வாறு சேர்ந்த படங்களையும் குறிப்புகளையும் அவர் திரும்பிப் பார்த்தபோது செய்தது என்ன? இதுவே நம் வாதத்தின் உயிர்நிலை. 1968இல் ஜவாஹர்லால் நேரு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டி விலங்குகளைப் பற்றிய ஆய்வை மேற்கொண்டார். அதன் பயனாக 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஒரு நூலை வெளியிட்டது. அந்நூலின் பெயரையே நோக்குங்கள்: 'இந்தியாவின் வனவிலங்குகள், 1959-70' என்பது அதன் பொருள். நூலின் முகத்திலேயே ஆண்டுகளைப் பொறித்துவிட்டார். என்றுமுள்ள இந்தியக் காடு என்றோ, அழியாத அழகு என்றோ அவர் பெயரிடவில்லை. இந்தப் பதினோரு பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை இது என்று, நீதிமன்றத்தில் கூண்டேறியவர் உறுதிமொழி கூறுவதுபோல் காலவரையறை இட்டுக் கூறினார். எழுபதைக் கடந்த பருவத்தில், 1985இல், 'நைட்ஸ் அண்ட் டேஸ்' என்ற நூலில் மீண்டும் ஒருமுறை தம் காட்டு வாழ்வைத் திரும்பிப் பார்த்தார். அங்கும் அவருடைய படங்களும் எழுத்தும் அருகருகே நின்று ஒன்றுக்கொன்று சான்றாகின்றன. படத்தைத் தனியே பிரித்து மாட்டினால் பாதிச் செய்தி போய்விடும்.

திணையறிந்தோர்க்குத் தெரிய வேண்டியது

தமிழ் மாணவர் எவரும் முதல், கரு, உரி என்னும் மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பர். நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கு, பறவை, மரம், உணவு முதலியவை கருப்பொருள். மனித உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். இவ்வரிசையின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். யானை முதற்பொருள் அன்று. மயில் முதற்பொருள் அன்று. யானை நிற்கும் இடமும், அது நிற்கும் வேளையும் முதற்பொருள். நிலத்தையும் பொழுதையும் எடுத்துவிட்டால் கருப்பொருள் நிற்க இடமின்றிப் போகும்.

கிருஷ்ணனின் படங்கள் இவ்விலக்கணத்துக்கு எழுதிய உரை போன்றவை. அவற்றில் விலங்கு தனியே நிற்பதில்லை. புல்லின் உயரம் தெரிகிறது. மரத்தின் பட்டை தெரிகிறது. வெயிலின் சாய்வு தெரிகிறது. விலங்கின் உடல் சற்றே மறைந்திருந்தாலும் அதன் வாழ்விடம் மறைவதில்லை. நாட்காட்டிக்கு ஏற்ற படம் எதுவென்று தேடுவோர்க்கு இவற்றுள் பல ஏமாற்றம் தரும். நிலத்தைப் படிக்க வருவோர்க்கோ இவை வற்றாத சுரங்கம்.

இன்று நாடெங்கும் புகழப்படும் இயற்கைப் படங்களைப் பாருங்கள். விழியின் பளபளப்பும் மீசையின் ஒவ்வோர் இழையும் துல்லியமாகத் தெரிகின்றன. அவற்றின் பின்னே? பாலில் கரைத்த வண்ணம்போல் ஒரு மங்கல். அது கபினியா, கன்ஹாவா, ஒரு விலங்குக் காட்சிச்சாலையின் பின்கட்டா என்று எவராலும் கூற இயலாது. கார்காலமா முதுவேனிலா என்றும் கூற இயலாது. முதற்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டுக் கருப்பொருளை மட்டும் தங்கத் தட்டில் ஏந்தி நிற்கும் இக்கலையைத் திணை மரபில் வந்தோர் வாய் பிளந்து பாராட்டுவது எவ்வாறு பொருந்தும்? நிலம் இல்லாத புலி சுவரொட்டிப் புலியே; காட்டுப்புலி ஆகாது.

இதனால் அண்மைக் காட்சிகளே கூடாது என்று நாம் கூறுவதாக எவரும் திரித்துக் கூற வேண்டா. ஒரு பறவையின் அலகையும் இறகையும் நெருங்கிக் காட்டும் படத்துக்கு அறிவியலில் இடம் உண்டு. ஆனால் அப்படத்தின் கீழ் இடமும் நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். படத்துள் காட்ட இயலாத முதற்பொருளைச் சொல்லாலாவது காட்ட வேண்டும். இதுவே நாம் வைக்கும் குறைந்தபட்ச நிபந்தனை.

சாதாரணப் படமே சான்றாகும்

ஆண்டும் இடமும் ஏன் இத்துணை முக்கியம் என்று கேட்போர்க்குச் சில எடுத்துக்காட்டுகள்.

நாம் குறிஞ்சி குறிஞ்சி என்று பேசுகிறோமே, அந்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. நீலம் போர்த்த மலைச்சரிவின் படம் ஒன்று, ஆண்டும் மலையின் பெயரும் இல்லாமல் கிடைத்தால் அது வாழ்த்து அட்டைக்கு உதவும். ஆண்டும் இடமும் இருந்தால், எந்தச் சரிவில் குறிஞ்சி நின்றது, அடுத்த சுற்றில் அதே சரிவில் தேயிலையோ சீமை மரமோ விடுதியோ வந்துவிட்டதா என்று ஒப்பிட உதவும். படம் ஒன்றுதான், கீழே எழுதிய ஒரு வரி அதனை அலங்காரத்திலிருந்து அத்தாட்சியாக உயர்த்துகிறது.

இன்னொன்று பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. 1970களிலும் 1980களிலும் தில்லியின் புறநகரில், கங்கைச் சமவெளியில், மும்பையில் இப்பறவையைப் படம்பிடிக்க எவரும் மெனக்கெட்டதில்லை. அருவருப்பான பறவை, எங்கும் கிடைப்பது, பரிசு பெறாதது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. மாடுகளுக்கு ஊசிவழி செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் உடலிற் சேர்ந்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து அவற்றைக் கொன்றது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை அரசு தடை செய்தது. மும்பை மலபார் குன்றில் பார்சி மக்களின் மௌனக் கோபுரங்களுக்குப் பாறுகள் வருவது நின்றதால், வெயிலைக் குவிக்கும் கருவிகளை நிறுவ வேண்டியதாயிற்று. இன்று தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே அப்பறவையின் எஞ்சிய குடிகளைக் காண்கிறோம். ஆண்டும் ஊரும் குறித்து வைத்த ஒரு பழைய பாறுப் படம் எங்கேனும் ஒரு பெட்டியில் இருக்குமானால், அது இன்று எத்துணை மதிப்புடையது! எடுத்தவரே அதனைச் சிறந்த படம் என்று ஒருகாலும் காட்டியிருக்கமாட்டார்.

மூன்றாவது, சிவிங்கிப்புலி. இந்தியக் காட்டில் வாழ்ந்த சிவிங்கிப்புலியின் முடிவை நினைவூட்டும் படமாக நாடறிந்தது எது? 1947இல் கொரியா சமஸ்தான அரசர் சுட்டு வீழ்த்திய மூன்று விலங்குகளும் கிடத்தப்பட்டிருக்க, துப்பாக்கியோடு நிற்கும் அரசரின் படமே. 1952இல் அவ்விலங்கு இந்நாட்டில் அற்றுப்போயிற்று என்று அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளைக் கொணர்ந்து குனோ காட்டில் விட்டனர். ஒரு விலங்கின் உயிர்வாழ்வைக் காட்ட வேண்டிய இடத்தில் அதன் பிணத்தைக் காட்டும் படம் நமக்கு வாய்த்திருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னரே போதிய காமிராக்கள் அங்கே சென்றிருந்தால் நம் சாட்சி ஏடு இவ்வாறு தொடங்கியிராது.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தோரும் உண்டு. வடக்கே ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், 1920களிலேயே காட்டுத்தடத்தின் குறுக்கே இழை கட்டி, புலியின் கால் பட்டதும் மின்னல் ஒளி பாய்ந்து படம் பதியுமாறு அமைத்தார். 1927இல் வெளிவந்த அவருடைய நூல், துப்பாக்கி தூக்கியோர் மலிந்திருந்த காலத்தில் காமிராவின் பக்கம் நின்று பேசியது. புலிக்குப் புலி உடல்வரி வேறுபடும் என்பதையும் அத்தகைய படங்கள் தெளிவாகக் காட்டின. அவ்வழியின் தொடர்ச்சியே இன்று புலிகளைக் கணக்கெடுக்கும் முறை. 2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்களை அமைத்தனர். பதிந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றுள் புலி இருந்தவை 76,651. அதன் வழியே நாட்டில் 2,967 புலிகள் உள்ளன என்று மதிப்பிட்டனர். அம்மூன்றரைக் கோடிப் படங்களுள் கண்காட்சியில் வைக்கத் தக்கவை எத்தனை இருக்கும்? மிகச் சிலவே. எனினும் ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் பதிந்திருந்தமையால் அவை அனைத்தும் சான்றாயின. அழகு இல்லாத படம் ஒரு நாட்டின் புலிக்கணக்கையே தாங்கி நிற்கிறது என்பதைப் 'பின்னணி மங்கல்' கலைஞர்கள் சிந்திக்கக் கடவர்.

பொய்ச்சாட்சி

சாட்சி என்று ஒன்று இருந்தால் பொய்ச்சாட்சியும் தோன்றும். 2009ஆம் ஆண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சார்ந்த உலகப்புகழ் போட்டியில் முதற்பரிசு பெற்றது ஓர் ஓநாயின் படம். இரவில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய், கண்டோர் வியந்தனர். அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருத்தல் கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். எடுத்தவர் அதனை மறுத்தார். அவ்வழக்கின் உள்விவரம் எவ்வாறாயினும் நடுவர்களின் கொள்கை தெளிவானது: படம் எவ்வளவு அழகாயினும், கூறும் செய்தி பொய்யாயின் பரிசு இல்லை.

நம் நாட்டில் அக்கொள்கை வேரூன்றியிருக்கிறதா? பறவைக்குப் புழுவைத் தூவி இழுப்பதும், ஆந்தையை வரவழைக்க அதன் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் இசைப்பதும், கூட்டருகே கிளைகளை வெட்டித் தாய்ப்பறவையை வெயிலில் நிறுத்துவதும் வேட்டையின் மறுவடிவங்களே. கிளையை வெட்டினால் படம் தெளிவாகும். குஞ்சு வெயிலில் வாடும். காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். அந்தப் படத்துக்குக் கீழே 'தாய்மை' என்று தலைப்பிட்டு மாட்டுவோரை என்னென்பது! வேட்டைக்காரனாவது தான் கொன்றதை மறைப்பதில்லை.

இயற்கையைப் பொய்யாக்கும் வேறொரு வழியையும் காண்கிறோம். தென்னமெரிக்க வெப்பநிலங்களிலிருந்து அழகுச் செடியாக இந்நாட்டுக்கு வந்தது உண்ணிச்செடி. இன்று முதுமலை, பந்திப்பூர் உள்ளிட்ட காடுகளில் புதர் புதராகப் படர்ந்து, புல்லையும் உள்நாட்டுச் செடிகளையும் நெருக்கி அழிக்கிறது. அலங்காரம் என்று கொணர்ந்தது ஆட்சியாளராக அமர்ந்துவிட்டது. நம் காட்டுக்கு அந்நியமான மரங்களையும் செடிகளையும் காட்டுக்குள் நடுவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்து எழுதினார் கிருஷ்ணன். விலங்கைக் காக்க விரும்புவோர் முதலில் அதன் மரத்தையும் புல்லையும் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் படங்களில் நிலம் தெளிவாகத் தெரிவதன் காரணம் அக்கொள்கையே. பின்னணியை மங்கச் செய்த படத்திலோ புல் நின்றதா, உண்ணிச்செடி நின்றதா என்று தேடினால் விடை கிடையாது.

எதிர்வாதங்களுக்கு விடை

நம்மை நோக்கி எழுப்பப்படும் எதிர்வாதங்கள் மூன்று.

"அழகுப் படங்களைப் பார்த்துத்தான் மக்கள் காட்டை நேசிக்கின்றனர்" என்பர் ஒருசாரார். மக்கள் நேசிப்பது எதனை என்று பார்க்க வேண்டும். புலியை நேசிக்கின்றனர், புலியைக் காணாமல் திரும்பினால் 'காட்டில் ஒன்றும் இல்லை' என்கின்றனர். கடமையும் காட்டுக்கோழியும் கரையானும் வேங்கை மரமும் அவர்களுக்கு 'ஒன்றும் இல்லை'! இவ்வாறு பழக்கியது எது? முகம் மட்டும் நிறைந்த அப்படங்களே அன்றோ? கிருஷ்ணனின் 1961ஆம் ஆண்டு நூலுக்குக் 'காடும் கொல்லைப்புறமும்' என்பது பொருள். புலியும் யானையும் வாழும் காட்டுக்கும், அணிலும் பல்லியும் காக்கையும் வாழும் கொல்லைப்புறத்துக்கும் அவர் ஒரே தட்டில் இடம் தந்தார். நேசம் என்றால் அதுவே நேசம்.

"கறுப்பு வெள்ளைக் காலம் போயிற்று, இன்று ஒரு நொடியில் இருபது படம் எடுக்கலாம்" என்பர் இன்னொரு சாரார். நிறத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பழைய படச்சுருளில் ஒரு சுற்றுக்கு 12 படமோ 36 படமோதான் எடுக்க இயலும். ஆதலால் விசையை அழுத்துமுன் காண வேண்டியிருந்தது. அழுத்தியபின் குறித்துவைக்க வேண்டியிருந்தது. இன்று கருவியே நாளையும் நேரத்தையும் பதிந்து தருகிறது. பலவற்றில் இடத்தையும் பதிந்து தருகிறது. முன்னோர் குறிப்பேட்டில் கைவலிக்க எழுதியதை இயந்திரம் இலவசமாகத் தருகிறது. அப்படியிருந்தும் படத்தை வெளியிடும்போது அவ்விவரங்களைக் களைந்தெறிகின்றனரே, இந்த ஊதாரித்தனத்துக்கு என்ன பெயர்? அரிய உயிரின் கூட்டிடத்தைத் திருடர்க்குக் காட்டாதிருக்க மறைப்பது முறை, அதனை ஏற்கிறோம். ஆண்டையும் மாவட்டத்தையும்கூட மறைக்க எந்த முறையும் இல்லை.

"அவர் ஆங்கிலத்தில் எழுதியவர், தமிழ்ச் சங்கத்து மலரில் அவருக்கு என்ன வேலை?" என்பர் மூன்றாம் சாரார். அவர் தமிழிலும் எழுதினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற நாவல் அவருடையது. இயற்கை பற்றிய அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தந்துள்ளார். இவ்விரண்டும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், தமிழ்நிலத்தின் யானையையும் மானையும் குருவியையும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் உண்மையாகப் பதிந்த ஒருவரைத் தமிழிலக்கிய உலகம் தன்னவர் என்று கொள்ளாவிட்டால், திணை என்ற சொல்லை நாம் வெறும் தேர்வு வினாவாக்கிவிட்டோம் என்பதே பொருள். தந்தையை நாவல் வரலாற்றின் முதற்பக்கங்களில் வைத்துப் போற்றுகிறோம். மகனை 'வனவிலங்கு ஆர்வலர்' என்ற ஒற்றைச் சொல்லில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் கற்பிக்க எவராலும் இயலாது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. நாம் ஊரை விட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஐந்திணையின் பெயரை மேடையில் ஒப்பிக்கின்றனர்; கைதட்டுகிறோம். சன்னலுக்கு வெளியே கூவும் குயில் தில்லியிலும் அதே குயில்தான், கொல்கத்தாவின் மைனாவும் மயிலாப்பூரின் மைனாவும் ஒரே இனம்தான் என்று அவர்களுக்கு எவர் காட்டுவார்? மொழி மாறிய ஊரில் மாறாமல் உடன்வரும் உறவினர் இவை. சொல்லை மட்டும் கற்றுக்கொடுத்துப் பொருளைக் காட்டாத கல்வி, பறவை பறந்துபோன கூட்டைப் பாதுகாப்பது போன்றது.

ஆகவே நான்கு கடமைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது: விழா மலர்களின் அட்டையை மயிலும் மானும் அலங்கரிப்பது வழக்கம். அட்டையில் அச்சிடும் ஒவ்வோர் இயற்கைப் படத்துக்கும் எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். கவிதைக்குக் கவிஞர் பெயரைப் போடாமல் அச்சிடத் துணிவோமா? படத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தாழ்வு?

இரண்டாவது: சங்க நூலகங்களில் இயற்கை எழுத்துக்கும் இயற்கைப் படங்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும். கிருஷ்ணனின் கட்டுரைகளை ராமச்சந்திர குஹா 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். அவருடைய படங்களும் எழுத்தும் அடங்கிய 'ஐ இன் த ஜங்கிள்' என்ற தொகுப்பு 2006இல் வெளிவந்தது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறும் நம் இளைய தலைமுறை, ஆங்கிலத்தின் வழியேனும் தமிழ்நிலத்துக்குள் நுழைய இவை நல்ல வாயில்கள். திருக்குறள் உரைகள் இருபது இருக்கும் அலமாரியில் இவற்றுக்கு ஒரு முழ இடம் ஒதுக்குவதால் குறளுக்குக் குறை வந்துவிடாது.

மூன்றாவது: நம் குடும்பங்களிலேயே வனத்துறையிலும் ரயில்வேயிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நிலவியல் துறையிலும் பணிபுரிந்து, காடுமேடுகளைப் படம்பிடித்து வைத்த பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய நெகட்டிவ்கள் பரண்மேல் பூஞ்சை பிடிக்கின்றன. வீடு மாற்றும் நாளில் பழைய காகிதக்காரனிடம் போகின்றன. அவர்கள் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் எங்கே எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். படம் தானாகப் பேசும் என்பது வெறும் வழக்குமொழி. பெயரும் இடமும் அறிந்தவர் மறைந்தபின் படம் ஊமையாகிவிடுகிறது.

நான்காவது: பொங்கல் விழாவில் சிறுவர்க்கு ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைக்கிறோம். ஓர் ஆண்டு முழுவதும் தன் தெருவில் உள்ள ஒரே மரத்தை மாதம் ஒருமுறை படம்பிடித்து, அதில் தங்கிய பறவைகளையும் பூத்த நாளையும் குறித்துவரும் பிள்ளைக்கு ஒரு பரிசு வையுங்கள். பன்னிரண்டு படம் போதும். கையிலுள்ள தொலைபேசியே போதும். அப்பிள்ளை நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பதைத் தேர்வுக்காகப் படிக்காமல் கண்ணாற் கண்டு அறியும்.

முடிவுரை

முதிய படக்கலைஞர் தம் பெட்டியைத் திறந்துவைத்திருக்கிறார் என்று தொடக்கத்தில் கூறினோம். அவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் வேறு. "இந்தக் குளத்தை முதன்முதலில் எப்போது கண்டீர்கள்? அப்போது கரையில் என்ன மரங்கள் நின்றன? எந்தப் பறவை வந்து இறங்கியது? கடைசியாகச் சென்றபோது எது இல்லை?" இக்கேள்விகளைக் கேட்டால், அவர் நெடுநேரம் ஒதுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து மங்கிய படங்களை எடுப்பார். பரிசு பெறாதவை, எவரும் கேட்காதவை. நிலத்தின் வழக்கு நடக்கும் நாளில் முதலில் அழைக்கப்படும் சாட்சிகள் அவையே.

அழகை நாம் வெறுப்பவர் அல்லேம். ஆயினும் உண்மையை விலையாகக் கொடுத்து வாங்கும் அழகு நமக்கு வேண்டா. காடு நம் வீட்டுச் சுவருக்காகப் படைக்கப்பட்டதன்று. அதன் சாட்சி ஏடுகளைப் படிக்கவும், பாதுகாக்கவும், அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கவும் தெரிந்த சமுதாயமே திணை என்னும் சொல்லை உரிமையோடு உச்சரிக்கலாம். அவ்வுரிமையைத் தமிழர் இழந்துவிடலாகாது.